மூன்று மாத டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸ்: இரண்டரை ஸ்டார், அதில் இரண்டு சனி-ஞாயிறு சாருக்கு

இன்ஸ்டிட்யூட் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறவர்களில் மூன்று பேர் எனக்கு வேண்டியவர்கள். ஆற்காடு சாலையில், வடபழனி தாண்டி போரூர் போகிற பக்கம், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இரண்டாவது மாடி. இவ்வளவு போதும். நான் படித்தது 2023 ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. கோர்ஸ் முடிந்த வாரமே எழுதியிருந்தால் ஐந்து ஸ்டார் போட்டிருப்பேன். அடுத்த மாதம் எழுதியிருந்தால் வீட்டில் படிக்க முடியாத பாஷையில் எழுதியிருப்பேன். ரெண்டு வருஷம் ஆறப்போட்டது நல்லதாகப் போயிற்று.

இந்தக் கோர்ஸுக்காக நான் இன்ஜினியரிங் காலேஜை விட்டேன். அதனால் என் ரிவ்யூவில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

2020-ல் கவுன்சிலிங்கில் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் பிரிவு) கிடைத்தது. எங்கள் பேட்ச் எப்படிப்பட்டது என்று தெரியும்தானே? முதல் வருஷம் முழுக்க வளசரவாக்கத்து வீட்டு மொட்டை மாடியில் போனில் கிளாஸ். லேபில் ஒரு ஆசிலோஸ்கோப்பை நேரில் பார்த்ததே இரண்டாம் வருஷம்தான். போனும் கையுமாக இருந்த அந்த மாதங்களில் ஆசிரியரை விட அதிகமாக நான் பார்த்தது, கார் பானெட்டில் சாய்ந்துகொண்டு "வீட்டிலிருந்தே மாசம் ஒரு லட்சம்" என்கிற அண்ணன்களை. ஆறாவது செமஸ்டர் வந்தபோது கையில் நாலு அரியர். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் ரெண்டு தடவை எழுதியாயிற்று, எலக்ட்ரோமேக்னெடிக் ஃபீல்ட்ஸை இன்னும் தொடவே பயம். அப்படி ஒரு ராத்திரியில்தான் இந்த இன்ஸ்டிட்யூட் விளம்பரத்தில் இருந்த ஃபார்மை நிரப்பினேன். மறுநாள் காலை பத்தேகாலுக்குப் போன் வந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் நல்ல மார்க்கெட்டர்கள், மறுக்க மாட்டேன்.

ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு வைத்து, பாதி ரோடு காணாமல் போயிருந்த சமயம். தூசியோடு படியேறினால் உள்ளே ஏசி 18-ல். அட்மிஷன் பேசுகிற கவுன்சிலர் மேடத்தின் பின்னால் சுவரில் மூன்று படம்: பில் கேட்ஸ், மார்க் சக்கர்பெர்க், சுந்தர் பிச்சை. "தம்பி, இவங்கள்லாம் டிகிரி முடிச்சாங்களா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. முதல் இரண்டு பேர் ஹார்வர்டை விட்டவர்கள், சரி. சுந்தர் பிச்சை கரக்பூர் ஐஐடி, ஸ்டான்ஃபோர்ட், வார்ட்டன் என்று மூன்று இடத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர். சென்னையில் வளர்ந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக அவரையும் அந்த வரிசையில் மாட்டிவிட்டார்கள். மாட்டிய ஆணி மட்டும் உறுதியாக இருந்தது.

ஃபீஸ் 45,000. "இன்னிக்கே கட்டினா 38,000, நாளைக்கு சிஸ்டம் அலோ பண்ணாது" என்றார்கள். 18% ஜிஎஸ்டி சேர்த்து 44,840. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை. "மூணு வருஷம் இழுத்த வண்டிய மூணு அடில நிறுத்துவியாடா?" என்று கேட்டுவிட்டு அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அம்மா தன் ரெண்டு சவரன் செயினை அடகு வைத்தாள். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் "பணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று இருந்தது. நான் அதைக் கோர்ஸ் முடிந்த பிறகுதான் படித்தேன்.

காலேஜ் பக்கம் நடந்ததில் ஒன்று மட்டும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். "படிப்பை நிறுத்திக்கொள்கிறேன், டிசி கொடுங்கள்" என்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன். ஆபீசில் இருந்த ஒரு அக்கா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "டிசி கேக்காத தம்பி. பிரேக் ஆஃப் ஸ்டடி, அதாவது கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கிறேன்னு எழுதிக் கொண்டா, பிரின்சிபால் வழியா போகட்டும்" என்றார். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி பிளஸ் டூ முடித்துச் சேர்ந்தவர்களுக்கு பி.இ.யை முடிக்க 14 செமஸ்டர் வரை கெடு உண்டு என்பதையும் அவர்தான் சொன்னார். நாலு வருஷப் படிப்புக்கு ஏழு வருஷம். வடபழனியில் 44,840 ரூபாய் வாங்கியவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை, சொல்ல அவர்களுக்கு அவசியமும் இல்லை.

சரி, கோர்ஸுக்கு வருவோம்.

வார நாட்களில் பாடம் எடுத்தவர் எனக்கு ஆறு மாதம் முன்னால் அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். நல்ல பையன்தான். ஆனால் அவருக்குக் கொடுத்திருந்த ஸ்லைடு எந்தக் காலத்ததோ! எஸ்இஓ (காசு கொடுக்காமல் கூகுள் தேடலில் மேலே வர வைப்பது) பாடத்தில் ரெண்டு முழு நாள் மெட்டா கீவேர்ட்ஸ் டேக், அதாவது வெப் பக்கத்தின் கோடுக்குள் தேடல் வார்த்தைகளை அடுக்கி வைக்கிற வரி, எழுதப் பழகினோம். அந்த டேகைத் தேடல் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அப்போது நான் இரண்டாம் வகுப்பு. அடுத்து, தினம் இருபது புக்மார்க்கிங் தளங்களில் லிங்க் போட வேண்டும், எக்செல்லில் கணக்குக் காட்ட வேண்டும். அந்தத் தளங்களை எங்களைப் போன்ற இன்ஸ்டிட்யூட் பிள்ளைகளைத் தவிர வேறு மனிதர்கள் யாரும் திறந்து பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இதைவிடப் பெரிய கூத்து அனலிட்டிக்ஸ். ஜூன் கடைசி வாரத்தில் யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் நடத்தினார்கள், வெப்சைட்டுக்கு யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று கணக்கெடுக்கும் கூகுள் கருவி. பவுன்ஸ் ரேட், செஷன், வியூ, ஃபில்டர் எல்லாம் நோட்டில் படம் போட்டு வைத்தேன். ஜூலை 1-ம் தேதி கூகுள் அதை நிறுத்திவிட்டு அதன் புதிய பதிப்பான ஜிஏ4-க்குப் போய்விட்டது. திடீரென்று நடந்ததில்லை, 2022 மார்ச்சிலேயே அறிவித்த தேதி அது. திங்கட்கிழமை நான் எழுந்து கேட்டதற்கு, "கான்செப்ட் சேம்தான் ப்ரோ" என்றார் பாடம் எடுத்தவர். சேம் இல்லை. பழையது செஷனை, அதாவது ஒருவர் வந்துபோகிற ஒரு வருகையை, வைத்துக் கணக்குப் போடும், புதியது ஒவ்வொரு அசைவையும் ஈவென்ட்டாக எடுத்துக்கொள்ளும். லேத்தில் பழகியவனை வெல்டிங்கில் நிற்க வைத்த மாதிரி. அந்தப் பாடத்தை மறுபடி எடுக்கவே இல்லை.

சோஷியல் மீடியா என்றால் கேன்வா என்கிற டிசைன் ஆப்பில் தீபாவளி வாழ்த்து. ஈமெயில் மார்க்கெட்டிங் ஒன்றரை மணி நேரம், அதில் அரை மணி கரண்ட் இல்லை. "கூகுள் சர்ட்டிஃபிகேட்" என்று நோட்டீஸில் போட்டிருந்ததே, அது கூகுளின் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே எழுதக்கூடிய இலவசத் தேர்வு. 80% எடுத்தால் பாஸ், ஒரு வருஷம்தான் செல்லும், பிறகு மறுபடி எழுத வேண்டும். நோட்டீஸில் பொய் இல்லை. அது இலவசம் என்பதை மட்டும் போடவில்லை.

இப்போது சனி-ஞாயிறு சார். நுங்கம்பாக்கத்தில் ஒரு விளம்பர ஏஜென்சியில் வேலை பார்த்துக்கொண்டே கூகுள் ஆட்ஸ் (காசு கொடுத்துக் கூகுளில் விளம்பரம் போடுவது) பகுதிக்கு மட்டும் வருவார். ராயபுரத்துக்காரர். முதல் நாள் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. "காசிமேட்டுல விடியக்காலைல மீன் ஏலம் பாத்திருக்கீங்களா?" என்று ஆரம்பித்தார். அங்கே அதிக விலை சொன்னவனுக்குக் கூடை. கூகுள் ஏலத்தில் பணத்தோடு இன்னொன்றையும் பார்ப்பார்கள்: தேடியவனுக்கு உன் விளம்பரம் பொருந்துகிறதா, அவன் அமுக்குவானா, அமுக்கிப் போன பக்கம் உருப்படியா என்று. வஞ்சிரம் கேட்டவனிடம் கவளை மீனைக் காட்டினால் காசு அதிகம் கொடுத்தாலும் மேலே நிற்க முடியாது. பொருத்தமாக இருந்தால் பக்கத்துக் கடைக்காரனை விடக் குறைவாகக் கொடுத்து அவனுக்கு மேலே நிற்கலாம். உனக்குக் கீழே இருப்பவனைத் தாண்ட எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் பிடிப்பார்கள், நீ சொன்ன உச்ச விலையை முழுசாக எடுப்பதில்லை. எந்த விளம்பரம் மேலே, எது கீழே என்று முடிவு செய்கிற, மூன்று வாரம் ஸ்லைடில் படித்தும் ஏறாத ஆட் ரேங்க் அந்த இருபது நிமிஷத்தில் ஏறியது. ரெண்டு ஸ்டாரும் இவருக்குத்தான்.

அவர் வைத்த வீட்டுப்பாடம்: உங்கள் சொந்தக் காசில் ஒரு நிஜ விளம்பரம் ஓட்டுங்கள். எனக்குக் கிடைத்த நிஜ வியாபாரம் சித்தியுடையது. சாலிகிராமத்தில் வீட்டு முன்னறையில் ஆரி வொர்க் ப்ளவுஸ் போடுகிறாள். மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, டிரேசிங் போட்டு, ஜர்தோசியும் குந்தன் கல்லுமாகக் கல்யாணப் பெண்களுக்குத் தைப்பது.

2,000 ரூபாய் போட்டேன். ஜிஎஸ்டி போக விளம்பரத்துக்கு மிஞ்சியது 1,695. ஒரு நாளைக்கு 150 என்று வைத்தேன். மறுநாள் பார்த்தால் 290 போயிருந்தது. திருட்டுப் பயல்கள் என்று சாருக்கு மெசேஜ் போட்டேன். "ஒரு நாளைக்கு நீ வச்சதுல ரெண்டு மடங்கு வரைக்கும் போகும், மாசக் கணக்குல அந்தத் தினத் தொகைக்கு 30.4 மடங்குக்கு மேல எடுக்க மாட்டான், ஹெல்ப் பேஜ் படி" என்று பதில்.

ஏழாவது நாள் காசு தீர்ந்தது. 212 கிளிக், 3 போன். முதல் போன், "ஆரி கிளாஸ் ஃபீஸ் எவ்வளவுங்க?" இரண்டாவது, "ஊசியும் ஸ்டாண்டும் தனியா விப்பீங்களா?" மூன்றாவது சேலத்திலிருந்து, "பார்சல்ல அனுப்புவீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை சார் என் லேப்டாப்பை எல்லோர் முன்னாலும் திறந்து, எதைத் தேடியவர்களுக்கு விளம்பரம் போயிற்று என்று காட்டுகிற சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டை மேலிருந்து கீழே உருட்டினார். ஆரி வொர்க் கிளாஸ் நியர் மீ. ஆரி வொர்க் ஃபார் பிகினர்ஸ். ஆரி ஊசி விலை. ஆரி வொர்க் ஃப்ரீ கிளாஸ். ப்ளவுஸ் தைக்கச் சொல்லித் தேடியவர் ஆறோ ஏழோ பேர். எதைத் தேடினால் விளம்பரம் வர வேண்டும் என்று நாம் கொடுக்கிற வார்த்தைதான் கீவேர்ட், நான் அதை வெறுமனே போட்டுவிட்டேன். இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் ஃபிரேஸ் மேட்ச் (அந்தப் பொருள் உள்ளே இருக்கிற தேடல்), சதுர அடைப்புக்குள் போட்டால் எக்ஸாக்ட் (அதே பொருள் மட்டும்), எதுவும் போடாமல் விட்டால் பிராட் (சம்பந்தப்பட்ட எதுவும்) என்று போன வாரம்தான் சொல்லியிருந்தார். இடத்துக்குச் சென்னை என்று கொடுத்திருந்தேன். அதன் அடியில் தானாகவே தேர்வாகியிருந்த வரியைப் படிக்கவில்லை: அந்த ஊரில் இருப்பவர்கள், இல்லாவிட்டால் அந்த ஊரில் ஆர்வம் காட்டியவர்கள். சேலத்துக்காரம்மா அந்த "இல்லாவிட்டால்" வழியாக வந்தவர். மற்ற தளங்களிலும் ஆப்களிலும் விளம்பரம் காட்டுகிற டிஸ்ப்ளே நெட்வொர்க் டிக்கையும் எடுக்கவில்லை, அதனால் பாதிக்கு மேல் கிளிக் ஏதோ கேம் ஆப்பில் குழந்தைகள் அமுக்கியது. தானாக விழுந்திருக்கிற ஒவ்வொரு டிக்கும் யாருக்கு லாபம் என்று கேட்டுவிட்டு மேலே போ என்றார் சார்.

இதையெல்லாம் சித்தியிடம் விளக்கினேன். அவள் கல் ஒட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "அதெல்லாம் சரிடா. ஆடி பொறந்த முத வாரத்துல ஏன் போட்ட? இப்ப யாரு வருவா? பதினெட்டாம் பெருக்கு முடியட்டும், ஆவணி முகூர்த்தத்துக்கு அப்பதான் பதறிக்கிட்டு வருவாளுங்க" என்றாள். 38 வகுப்பில் ஒருவர்கூட எனக்குச் சொல்லாத பாடம். எட்டாவதோடு நின்றவள் சித்தி.

ப்ளேஸ்மென்ட் கதைக்கு வருகிறேன். "100% ப்ளேஸ்மென்ட்" என்ற வார்த்தைக்குப் பின்னால் "உதவி" என்று சின்னதாக இருந்தது. உதவி கிடைத்தது. அந்த இன்ஸ்டிட்யூட்டிலேயே வேலை, மாசம் 9,000, பதவி டிஜிட்டல் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ். செய்ய வேண்டியது, ஃபார்ம் நிரப்பியவர்களுக்குக் காலை பத்து மணியிலிருந்து போன் போடுவது.

மூன்றாவது நாள், ஃபார்ம் நிரப்பியவர்களின் ஷீட்டில் டூப்ளிகேட் நம்பர்களை எடுக்கச் சொன்னார்கள். வரிசைப்படுத்திக்கொண்டு வந்தபோது என் நம்பர் வந்தது. அதற்கு நேராக ரிமார்க்ஸ் என்ற குறிப்புக் கட்டம். நான் வாசித்ததை அப்படியே தருகிறேன்: "ஈசிஇ தேர்ட் இயர். 4 அரியர். டிராப் பண்ண ரெடி. அப்பா ஒத்துக்கல. அம்மா பேசினா கட்டுவாங்க. ஈவ்னிங் கால்."

அம்மாவுக்கு அந்த சாயங்காலப் போன் வந்தது எனக்குத் தெரியும். அரை மணி நேரம் பேசினார்கள், "நல்ல பொண்ணு, அக்கறையா பேசுது" என்றாள் அம்மா. இந்த ரிமார்க்ஸ் விஷயத்தை அவளிடம் இதுவரை சொல்லவில்லை.

உடனே வேலையை உதறிவிட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். சம்பளத் தேதிக்கு இன்னும் 19 நாள் இருந்தது, இருந்தேன். ரெண்டு அட்மிஷனும் பிடித்துக் கொடுத்தேன், ஆளுக்கு ஆயிரம் இன்சென்டிவ். அதில் ஒருத்தன் தாம்பரம் பக்கம் பி.காம் ரெண்டாம் வருஷம். அப்பா வேண்டாங்கறார் என்றான். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "அம்மாவ பேசச் சொல்லுங்க ப்ரோ." அவன் நம்பர் என்னிடம் இருக்கிறது. போன வருஷம் ஒருநாள் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏஜென்சிகளில் இன்டர்வியூவுக்குப் போனால் ஆட்ஸ் அக்கவுண்ட்டைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள், என்னால் காட்ட முடிந்தது. சித்தியின் 2,000 ரூபாய்த் தோல்வியைத்தான் காட்டினேன், அதை எப்படிச் சரிசெய்வேன் என்று சொன்னேன், பிடித்திருந்தது. அடுத்து ஹெச்ஆர் ஒரு ஃபார்ம் தருவார். அதில் "பட்டம் முடித்த வருஷம்" என்ற கட்டத்தைத் தாண்ட முடியாது. ரெண்டு இடத்தில் அந்தக் கட்டத்தோடு கதை முடிந்தது. மூன்றாவது இடத்தில் 12,000-க்கு எடுத்தார்கள், பத்து மாதம் இருந்தேன். இப்போது தனியாக மூன்று வாடிக்கையாளர்: அசோக் நகரில் ஒரு பல் ஆஸ்பத்திரி, ஒரு கார் வாஷ், சித்தி. மாதம் 26,000-லிருந்து 30,000 வரை வருகிறது. சித்தி காசு தருவதில்லை, அவளைக் கணக்கில் சேர்த்தது கௌரவத்துக்கு. செயினை மீட்டாயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுதான் அதிகம் குத்தியது. நான் விட்டுவந்த வகுப்பில் அடுத்த செமஸ்டரே 'நான் முதல்வன்' என்ற திறன் பயிற்சித் திட்டத்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங்கையே பாடமாக வைத்தார்கள். தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1-ல் ஆரம்பித்த திட்டம், மாணவர்களுக்கு இலவசம். என் பழைய பெஞ்ச்மேட் ஒருத்தன் கேன்வா போஸ்டர் எப்படிப் போடுவது என்று என்னிடமே போன் போட்டுக் கேட்டான். சொல்லிக்கொடுத்தேன். என்ன செய்வது?

காலேஜ் இல்லாமல் வேலை கற்றுக்கொள்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. இதே ஊர்ப் பக்கம் ஜோஹோ என்ற சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிற ஜோஹோ ஸ்கூல்ஸில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை எடுத்து, ஃபீஸ் வாங்காமல், மாதாமாதம் கையில் உதவித்தொகையும் கொடுத்துச் சொல்லித்தருகிறார்கள். அங்கே இடம் கிடைப்பது கஷ்டம், அது வேறு விஷயம். காசு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள். கூகுளின் டிஜிட்டல் மார்க்கெட்டிங் அடிப்படைப் பாடம் அப்போது 26 மாட்யூல், ஒரு பைசா கிடையாது. நான் வார நாட்களில் படித்ததில் உருப்படியானது எல்லாம் அதிலேயே இருந்தது.

அந்த மாடிக்கு ஏறத்தான் போகிறீர்கள் என்றால், காசை எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். "நீங்க ஓட்டுற விளம்பரத்தோட சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்ட காட்டுங்க மேடம்" என்று கேளுங்கள். எங்கள் பேட்ச் முடிந்த பிறகு நான் ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். "அது டீம் பாக்குறாங்க தம்பி" என்றார். டீம் என்றால் நானும் இன்னும் ரெண்டு பேரும். சனி-ஞாயிறு சார் இப்போதும் வருகிறாரா என்றும் கேளுங்கள், வராவிட்டால் என் ரெண்டு ஸ்டாரைக் கழித்துவிட்டு மீதி அரையை வைத்து முடிவு செய்யுங்கள். காலேஜில் இருப்பவராக இருந்தால் டிசி மட்டும் வாங்காதீர்கள். என்னுடைய 14 செமஸ்டர் கணக்கு 2027-ல் முடிகிறது. திரும்பிப் போனால் புது ரெகுலேஷனில் (பாடத்திட்டத்தில்) சேர்ப்பார்கள், சில பேப்பர் கூடுதலாக எழுத வேண்டிவரும். திரும்பச் சேர்வதற்கான ஃபார்ம் மேஜை டிராயரில் இருக்கிறது. அப்பா அதைப் பார்த்துவிட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு மறுநாள்தான் சித்தியின் விளம்பரத்தை ஆன் செய்தேன். சாலிகிராமத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர், டிஸ்ப்ளே டிக் கிடையாது, கிளாஸ், கோர்ஸ், ஊசி, ஃப்ரீ எல்லாம் நெகட்டிவ் கீவேர்டில் (இதைத் தேடுகிறவர்களுக்குக் காட்டாதே என்ற பட்டியல்). பத்து நாளில் பதினோரு போன், ஆறு ஆர்டர். மீதி ஐந்து பேர் எப்படியோ சந்து வழியாக நுழைந்து, "கிளாஸ் எடுப்பீங்களா?" என்றுதான் கேட்டார்கள். போன தடவை மாதிரி "கிளாஸ் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடாமல், சித்தி ஐந்து பேர் நம்பரையும் பால் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த ஞாயிறிலிருந்து கிளாஸ். ஃபீஸ் 3,500, ஊசி இலவசம். நேற்று போர்டு எழுத வாசகம் கேட்டாள். சொல்லிக்கொண்டிருந்தபோதே நிறுத்தி, "ஏண்டா, நூறு சதவீதம் வேலைக்கு உத்தரவாதம்னு ஒண்ணு போடுவாங்களே, அதையும் சேத்துக்கலாமா?" என்றாள்.